சாரணர் படையில் அணி முறை: புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களுக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சாரணர் படையை உங்களிடம் ஒப்படைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை மைதானத்தில் 28 பிள்ளைகள் வந்து நிற்பார்கள், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, முன்னால் நின்று, விசில் ஊதிப் பாடம் எடுக்கத்தான் முதலில் தோன்றும். வகுப்பறையில் பழகிய பழக்கம் அது. இங்கே அது வேலைக்கு ஆகாது. முன்வரிசையில் ஆறு பேர் கற்றுக்கொள்வார்கள், நடுவரிசை வேடிக்கை பார்க்கும், கடைசி வரிசை பேசிக்கொண்டிருக்கும். காலாண்டுத் தேர்வுக்குள் படை பாதியாகிவிடும்.

இதற்குச் சாரணர் இயக்கம் வைத்திருக்கும் வழி அணி முறை. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தது ஓர் அணி. அதற்கென்று ஒரு பெயர், ஒரு கொடி, ஒரு கூவல், மைதானத்தில் ஒரு மூலை. அணியில் மூத்த பிள்ளை தலைவர். சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அவருக்குச் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் சோதனை முகாமே இப்படித்தான் நடந்தது. இருபது சொச்சம் பையன்களை ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்ற நீர்ப்பறவை என நான்கு அணிகளாகப் பிரித்தார். பணக்கார விடுதிப் பள்ளிப் பையன்களும் பக்கத்து ஊர்ச் சாதாரணக் குடும்பத்துப் பையன்களும் கலந்திருந்தார்கள். ஒவ்வோர் அணியின் ஒழுங்குக்கும் அதன் தலைவனே முழுப் பொறுப்பு.

பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் வாத்தியார் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளைதான் பாடம் கேட்பான். 1789இல் எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் காப்பகப் பள்ளியில் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைத் தொடங்கினார். பெரிய ஆசிரியர்கள் அதற்கு ஒத்துவராதபோது எட்டு வயதுப் பையன் ஒருவனை எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். பிறகு அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது.

ஆனால் சட்டாம்பிள்ளைக்கும் அணித் தலைவருக்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டாம்பிள்ளை வாத்தியாரின் ஆள். யார் பேசினார்கள், யார் ஒப்பிக்கவில்லை என்று வாத்தியாரிடம் சொல்பவன். ‘சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே’ என்று நாம் இன்றும் சொல்வது அந்த அதிகாரத்தை நினைத்துத்தான். அணித் தலைவர் அணியின் ஆள். அணியோடு சேர்ந்து சமைப்பவர், அணி தோற்றால் தானும் தோற்பவர், அணியின் குறையைச் சொல்ல உங்களிடம் வருபவர். இனி வரும் படிகள் எல்லாமே அவர் சட்டாம்பிள்ளையாக மாறிவிடாமல் காப்பதற்கானவைதான்.

அணி பிரிப்பது

28 பேர் என்றால் நான்கு அணி, அணிக்கு ஏழு பேர். ஒவ்வொன்றிலும் ஒன்பதாம் வகுப்பு ஒருவர், எட்டாம் வகுப்பு இருவர், ஏழில் இருவர், ஆறில் இருவர் என்று அமைந்தால் நல்லது. வகுப்புவாரியாகப் பிரிக்கவே கூடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் உள்ள அணியில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. ஒன்பதாம் வகுப்பு அணியில் கற்றுக்கொள்ள ஆள் இருக்காது.

எண்ணிக்கையில் பிடிவாதமாக இருங்கள். வாரத்துக்கு இரண்டு பேராவது காய்ச்சல், தேர்வு, ஊர்த் திருவிழா என்று வரமாட்டார்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து. விளையாட்டும் நடக்கும், பயிற்சியும் நடக்கும். நான்கில் இரண்டு போனால் அன்றைக்கு அணியே இல்லை. எட்டைத் தாண்டினாலும் தொல்லை. பதினான்கு வயதுப் பிள்ளையால் எட்டுப் பேருக்கு மேல் கையைப் பார்த்துத் திருத்த முடியாது. அணி தானாக இரண்டு கும்பலாகிவிடும்.

பிரிக்கும் முன் ஒவ்வொருவரிடமும் ஒரு சீட்டுக் கொடுத்து, ‘யாரோடு ஒரே அணியில் இருக்க ஆசை?’ என்று மூன்று பெயர் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை நீங்கள் மட்டுமே பார்க்க வேண்டும். மூன்று பேரில் ஒருவராவது தன் அணியில் கிடைத்தால் பிள்ளை விட்டுப் போகமாட்டான். மூன்று பேரும் ஒன்றாக வந்துவிட்டால் அவர்கள் மற்றவர்களோடு ஒட்டமாட்டார்கள். யாருடைய சீட்டிலும் பெயர் வராத பிள்ளைகள் நிச்சயம் சிலர் இருப்பார்கள். அவர்களைப் பொறுமையான தலைவர் உள்ள அணியில், ஓர் அணிக்கு ஒருவராகப் போடுங்கள்.

ஒரே தெருப் பிள்ளைகளை ஒரே அணியில் வைத்தால் ஞாயிற்றுக்கிழமையும் கூடிப் பழகலாம் என்று யோசனை சொல்வார்கள். வேறு நாட்டில் சரியாக இருக்கலாம். நம் ஊரில் பல இடங்களில் தெரு என்பதே சாதி. தெருவைப் பார்த்துப் பிரித்தால் நீங்கள் அறியாமலே சாதி அணிகளை உண்டாக்கிவிடுவீர்கள். கலந்துதான் பிரிக்க வேண்டும். ஒரே பானையில் சமைத்து ஒரே வட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஏழு பேர் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது, நீங்கள் எடுக்கப்போகும் முடிவுகளிலேயே பெரியது.

பெயரை அணியே தேர்ந்தெடுக்கட்டும். சாரணர் அணி விலங்கு அல்லது பறவை, சாரணியர் அணி பூ. கொடியைப் பிள்ளைகளே தைக்கட்டும், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. மூலையையும் அன்றே ஒதுக்கிவிடுங்கள். வேப்பமரத்தடி புலி அணிக்கு என்றால் வருடம் முழுக்க அது புலி அணிக்குத்தான்.

தலைவரைக் கண்டுபிடிப்பது

முதல் மாதம் தேர்தல் வைக்காதீர்கள். ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகள் உயரமானவனுக்கும் உரக்கப் பேசுபவனுக்கும் ஓட்டுப் போடுவார்கள். நான்கு கூட்டம் தலைவர் இல்லாமல் நடக்கட்டும். வாரம் ஒருவர் அணியை நடத்தட்டும். நீங்கள் ஓரமாக நின்று கவனியுங்கள். சின்னப் பிள்ளை தவறு செய்யும்போது யார் கயிற்றைப் பிடுங்குகிறார், யார் குனிந்து பார்க்கிறார்? விளையாட்டு முடிந்ததும் கழியையும் கயிற்றையும் யார் எடுத்து வைக்கிறார்? வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவர் இங்கே நல்ல தலைவராக இருப்பார் என்பதில்லை. தனக்குச் சட்டென்று வந்துவிடுவது அடுத்தவருக்கு ஏன் வரவில்லை என்று அவருக்குப் புரியாமல் போவது உண்டு.

ஐந்தாவது வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: ‘முகாமில் ராத்திரி பயமா இருந்தா யாரை எழுப்புவே?’ அதிகம் பேர் சொல்லும் பெயர் அநேகமாகச் சரியான பெயராகத்தான் இருக்கும். அவரை மூன்று மாதத்துக்கு நியமியுங்கள். மூன்று மாதம் கழித்து அணியைக் கேட்டு உறுதி செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். தொடக்கத்திலேயே ‘மூன்று மாதம்’ என்று சொல்லிவிட்டால் மாற்றும்போது யாருக்கும் அவமானம் இருக்காது.

துணைத் தலைவரை அணித் தலைவரே தேர்ந்தெடுக்கட்டும். உங்கள் மனத்தில் வேறு பெயர் இருந்தாலும் விட்டுக்கொடுங்கள். தோளோடு தோள் நின்று வேலை செய்யப்போகிறவர்கள் அவர்கள். மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பொறுப்பு உண்டு: பொருட்காப்பாளர், கணக்கர், குறிப்பேடு எழுதுபவர், முதலுதவிப் பெட்டிக்காரர், விளையாட்டுப் பொறுப்பாளர். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் பொறுப்பு வேண்டும். வருகைப் பதிவை எழுதும் சின்னப் பிள்ளை கூட்டத்துக்கு வராமல் இருப்பது அரிது.

தலைவருக்குச் சட்டைப் பையில் இரண்டு பட்டை, துணைத் தலைவருக்கு ஒன்று. அதை எல்லோர் முன்னிலையிலும் குத்திவிடுங்கள். அதற்கு முந்தைய நாள் தலைவரைத் தனியாக உட்காரவைத்து மூன்று விஷயம் சொல்லுங்கள். தண்டனை கொடுக்கும் உரிமை உனக்கு இல்லை: தோப்புக்கரணம், மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது, அடிப்பது, பட்டப்பெயர் வைப்பது எதுவும் கூடாது. கடினமான வேலையில் நீயும் ஒரு கை போட வேண்டும். சாப்பாட்டில் நீ கடைசியாக எடுக்க வேண்டும்.

தலைவர்களோடு புதன்கிழமை

அணி முறை தோற்கும் படைகளில் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தலைவர்களுக்கு என்று தனிக் கூட்டம் இருப்பதில்லை. வெள்ளிக்கிழமை மைதானத்தில் வைத்து ‘போய் உங்க அணிக்கு முடிச்சு சொல்லிக்கொடுங்க’ என்றால், தனக்கே அரைகுறையாகத் தெரிந்ததைத்தான் அந்தப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும்.

புதன்கிழமை பள்ளி முடிந்ததும் 45 நிமிடம் ஒதுக்குங்கள். நான்கு தலைவர், நான்கு துணைத் தலைவர், ஆக எட்டுப் பேர். இவர்களும் ஓர் அணி; இதற்கு நீங்கள்தான் அணித் தலைவர். வெள்ளிக்கிழமை அவர்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டுமோ, அதே அளவு, அதே வேகம், அதே உட்காரும் முறையில் நீங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். 20 நிமிடம் போதும். அடுத்த 15 நிமிடம் இருவர் இருவராக ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கட்டும். மற்றவர் வேண்டுமென்றே தப்பாகச் செய்ய வேண்டும், அப்போதுதான் திருத்தப் பழகுவார்கள். மீதி 10 நிமிடத்தில் வெள்ளிக்கிழமைக்கு என்ன பொருள் வேண்டும், யார் கொண்டுவருவது என்று பேசி முடியுங்கள். கிளம்பும்போது ஒவ்வொருவர் கையிலும் நாலு வரி எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும். அதைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பதில் வெட்கமில்லை என்றும் சொல்லி அனுப்புங்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரு திறமைதான். இரண்டு வைத்தால் இரண்டும் அரைகுறையாகும்.

ஒரு முடிச்சு கைமாறும் விதம்

ரீஃப் முடிச்சை எடுத்துக்கொள்வோம். கட்டுத்துணியின் இரு முனைகளைக் கட்ட உதவுவது, உடம்பில் உறுத்தாமல் தட்டையாக உட்காருவது. ஆளுக்கு 2 மீட்டர் பருத்திக் கயிறு, சுண்டுவிரலைவிடச் சற்று மெல்லியது, 8 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். புது நைலான் கயிறு வழுக்கும், முடிச்சு நிற்காது. தேங்காய் நார்க் கயிறு கையைக் கிழிக்கும். கயிற்றில் பாதியைச் சிவப்புச் சாயத்தில் நனைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு முனையில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றினாலும் போதும். முனைகள் பிரியாமல் நூலால் இறுகச் சுற்றிக் கட்டுங்கள். ஆளுக்கொரு கயிறு இல்லாமல் தொடங்காதீர்கள். மூன்று பேருக்கு ஒரு கயிறு என்றால் ஒருவர் கட்டுவார், இருவர் பார்ப்பார்கள்.

இனி உட்காரும் முறை. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு எதிரில் உட்காருவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. எதிரில் இருப்பவரின் வலது இவருக்கு இடமாகத் தெரியும். கண்ணாடியில் பார்ப்பதுபோலக் கட்டி, பாதியில் குழம்பி, முதல் பாதி ஒரு திசையிலும் இரண்டாம் பாதியும் அதே திசையிலுமாகச் சுற்றிவிடுவார். பக்கத்தில், இருவரும் ஒரே பக்கம் பார்த்து, தொடையோடு தொடை ஒட்டாமல் ஒரு முழ இடைவெளியில் உட்கார வேண்டும். அணியில் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர் என்றால் ஒருவருக்கு ஒருவர், அதிகம் போனால் இருவர்.

முதலில் தலைவர் பேசாமல், சாதாரண வேகத்தில் ஒரு முறை கட்டிக் காட்டுவார். முடிந்தால் எப்படி இருக்கும் என்று பிள்ளை பார்த்துவிட வேண்டும். அடுத்து மெதுவாக, சொல்லிக்கொண்டே கட்டுவார்: ‘வலதை இடது மேல போட்டு அடியில விடு. இப்போ இடதை வலது மேல போட்டு அடியில விடு.’ மூன்றாவதுதான் முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான். சின்னப் பிள்ளை சொல்ல வேண்டும், பெரியவரின் கை அதன்படி மட்டும் செய்ய வேண்டும். தப்பாகச் சொன்னால் தப்பாகவே கட்ட வேண்டும். ‘அண்ணா, இல்ல இல்ல, அந்தப் பக்கம்!’ என்று பிள்ளை தானே கூவும் இடத்தில் முடிச்சு அதன் தலைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். கடைசியாகச் சின்னவர் தானே கட்டுவார், பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார்.

கையைப் பின்னால் கட்டிக்கொள்வதைச் சும்மா சொல்லவில்லை. பெரிய பிள்ளைகளின் கை தானாக நீளும். ‘இங்க கொடு, நான் காட்றேன்’ என்று கயிற்றை வாங்கிவிட்டால் கற்றல் அங்கே நின்றுபோகும். தொடக்கத்தில் சில வாரம் இதைச் சட்டமாகவே வையுங்கள்.

வலது இடது தடுமாறும் பிள்ளைக்கு நிறம் கை கொடுக்கும். சிவப்பு முனையை வலக்கையில் பிடித்துத் தொடங்கினால், முதல் சுற்றிலும் சிவப்பு மேலே, இரண்டாவது சுற்றிலும் சிவப்பு மேலே. வேறு எதையும் நினைவில் வைக்க வேண்டாம். சரிபார்ப்பதும் எளிது. சரியான ரீஃபில் இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். ஒவ்வொரு பக்கமும் குட்டை முனையும் நீண்ட கயிறும் சேர்ந்தே ஒட்டிப் படுத்திருக்கும். தப்பாகக் கட்டியதில் குட்டை முனைகள் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும். பார்ப்பதற்கு இரண்டும் முடிச்சுதான், ஆனால் இரண்டாவது இழுத்தால் நழுவும், நழுவாவிட்டால் அவிழ்க்க முடியாதபடி இறுகும். பாரம் தூக்கும் இரு கயிறுகளை இணைக்க ரீஃபைப் பயன்படுத்தக் கூடாது, அதற்கு ஷீட் பெண்ட் என்ற வேறு முடிச்சு இருக்கிறது என்பதையும் அதே நாளில் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? அணியிலேயே திறமையானவரைவிட அண்மையில் கற்றவர் பல நேரம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு மூன்று விரல் வணக்கம், இடக்கைக் குலுக்கல், உறுதிமொழி, சட்டம் எல்லாவற்றையும் போன வருடம் பிரவேஷ் (படையில் சேரும் முதல் நிலை) முடித்த ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் விடலாம். கட்டைவிரல் சுண்டுவிரலை அழுத்திப் பிடிக்காமல் தளர்ந்து நிற்கும் என்பது அவனுக்கு நன்றாக நினைவிருக்கும், அவனையே அதற்காகப் பலமுறை திருத்தியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

90 நிமிடம் கிடைத்தால் கொடியேற்றமும் பிரார்த்தனையும் 10, தலைவர் தன் அணியின் நகம், சீருடை, கழுத்துத்துணி பார்ப்பது 5, அணி மூலையில் பயிற்சி 25, அணிகளுக்கிடையே விளையாட்டு 20, வெளி வேலை அல்லது பாட்டு 20, கொடியிறக்கமும் அறிவிப்பும் 10 என்று வைத்துக்கொள்ளலாம். 60 நிமிடம்தான் என்றால் வெளி வேலையைக் குறையுங்கள், மற்றதிலும் கொஞ்சம் பிடியுங்கள். அணி மூலையின் 25 நிமிடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

போட்டியில் மதிப்பெண் எப்போதும் அணிக்கே, தனி ஆளுக்கு அல்ல. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முடிச்சுப் போட்டிக்கு அணியே ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் எப்போதும் தலைவர்தான் வருவார், சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் அவசியம் இருக்காது. பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வருகிறவர் கட்ட வேண்டும் என்று வையுங்கள். அல்லது அணியில் கடைசி ஆளும் கட்டி முடித்த நேரத்தைத்தான் கணக்கெடுப்போம் என்று சொல்லுங்கள். அடுத்த வாரமே அணி மூலைகளில் பேச்சு மாறும். ‘நீ ஏன் இன்னும் கத்துக்கல’ என்பது போய், ‘வா, மறுபடி காட்றேன்’ என்று வரும்.

அந்த 25 நிமிடத்தில் உங்கள் வேலை நடப்பது, பார்ப்பது, வாயைத் திறக்காமல் இருப்பது. சின்னப் பிள்ளை ஓடிவந்து ‘சார், இது எப்படி சார்?’ என்று கேட்டால் ‘உங்க அணி அண்ணாகிட்ட கேளு’ என்று திருப்பி அனுப்புங்கள். சாரணியர் படையில் அக்காவிடம். அண்ணனுக்குத் தெரியவில்லை என்றால் அண்ணன் வந்து கேட்கட்டும். நீங்கள் நேரடியாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்த அணிக்குள் தலைவரின் சொல்லுக்கு மதிப்புக் குறைகிறது. தலைவர் தப்பாகவே சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கிறீர்கள் என்றாலும் அணி முன்னால் திருத்தாதீர்கள். தண்ணீர் குடிக்கும் சாக்கில் அவரை இரண்டு நிமிடம் தனியே அழைத்துக் கயிற்றைக் கையில் கொடுங்கள். அவரே திரும்பிப் போய்ச் சரிசெய்வார். இதற்கு ஒரே விலக்கு ஆபத்து: கத்தி, நெருப்பு, தண்ணீர், உயரம். அங்கே யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், உடனே குறுக்கிடுங்கள்.

மாதம் ஒருமுறை அரை மணி நேரம் கோர்ட் ஆஃப் ஆனர் கூட வேண்டும். நான்கு தலைவர்கள் பேசி முடிவெடுக்கும் மன்றம் அது. நீங்கள் உட்காரலாம், கேட்டால் ஆலோசனை சொல்லலாம், ஓட்டு இல்லை. அடுத்த மாத நிகழ்ச்சி, பணம், ஒழுங்குப் பிரச்சினை எல்லாம் அங்கே போகும். அங்கே பேசியது வெளியே போகக் கூடாது. அதற்கு முன் ஒவ்வோர் அணியும் தன் மூலையில் பத்து நிமிடம் கூடி, தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். மன்றம் எடுத்த முடிவை நீங்கள் ஒருமுறை காரணமில்லாமல் மாற்றினால், அடுத்த மாதத்திலிருந்து அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

எங்கே கெடும்

தலைவரே எல்லாவற்றையும் செய்துவிடுவார். கூடாரத்தையும் அவர்தான் கட்டுவார், குறிப்பேட்டையும் அவர்தான் எழுதுவார். பார்க்க அணி நன்றாக நடப்பதுபோல இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு அணியைப் பாருங்கள், தெரிந்துவிடும். மருந்து, புதன் கூட்டத்தில் அவரிடம் ‘இந்த வாரம் நீ செய்யாமல் யாரிடம் கொடுத்தாய்?’ என்று கேட்பது. ஒரே கேள்வியை வாரா வாரம் கேட்டால் போதும்.

சட்டாம்பிள்ளைத்தனம் தலைதூக்கும் இடம் வேறு. சின்னவர்களைப் பை தூக்கவைப்பது, தன் தட்டைக் கழுவவைப்பது, ‘சார்கிட்ட சொல்லிடுவேன்’ என்று மிரட்டுவது. இவற்றைச் சிறு விஷயம் என்று விடாதீர்கள், அன்றே தனியாகப் பேசுங்கள். பெரும்பாலும் தன்னால் அணியைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்ற பயத்தில்தான் பிள்ளை அதிகாரத்தைக் கையில் எடுக்கிறது. சொல்லிக்கொடுக்க உருப்படியாக ஒன்று கையில் இருக்கும் தலைவருக்கு மிரட்ட நேரம் இருப்பதில்லை. இருமுறை சொல்லியும் மாறவில்லை என்றால் பட்டையைத் திரும்ப வாங்குங்கள்.

கூச்சமான தலைவர் என்றால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஏழு பேர் முன்னால் பேசத் திணறுபவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அருமையாகச் சொல்லிக்கொடுப்பார். பேச்சைத் துணைத் தலைவர் பார்த்துக்கொள்ளட்டும்.

முகாமில்

அணி உண்மையிலேயே அணியாவது சமைக்கும்போது. 60 பேருக்கு ஒரு சமையல்காரரை வைத்துச் சோறு போடும் முகாமில் இந்த முறை பாதிதான் வேலை செய்யும். முதல் முறை ஒரு வேளைச் சமையலாவது அணிவாரியாக வையுங்கள். ஏழெட்டுப் பேருக்குப் பச்சரிசி 1 கிலோ, துவரம்பருப்பு 250 கிராம், காய்கறி ஒன்றரைக் கிலோ கணக்கு வையுங்கள். அரிசியை 30 நிமிடம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் அளந்து ஊற்றி, வடிக்காமல் பொங்கவைப்பதே நல்லது. கொதிக்கும் கஞ்சியை வடிப்பதில்தான் முகாம்களில் கை வெந்துபோகும் ஆபத்து அதிகம்.

இருவர் சமையல், இருவர் விறகும் அடுப்பும், இருவர் தண்ணீரும் காய்கறியும், மீதமுள்ளவர் பாத்திரமும் சுத்தமும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெரியவர், ஒரு சின்னவர். அடுத்த வேளை ஜோடி மாறும். யாருக்கும், எந்தக் காரணத்துக்காகவும் இந்தச் சுற்றில் விலக்குக் கிடையாது. பாத்திரம் கழுவும் முறை எல்லோருக்கும் வரும். அடுப்புப் பற்றாமல் போவதற்குக் காரணம் முக்கால்வாசி நேரம் ஒன்றுதான்: எடுத்ததும் பெரிய கட்டையை வைப்பது. தென்னை ஓலை, பிறகு ஈர்க்கு கனத்தில் சுள்ளி, பிறகு விரல் கனம், அது நன்றாகப் பிடித்த பிறகே கட்டை. முதல் சோறு அடிப்பிடிக்கும். அடிப்பிடித்ததை அந்த அணியே சாப்பிடட்டும்; வேறு எங்கிருந்தும் சோறு வரவழைக்காதீர்கள், பழமும் அவலும் மட்டும் கையிருப்பில் இருக்கட்டும்.

பாதுகாப்பு

பெரிய பிள்ளையிடம் சின்னப் பிள்ளையை ஒப்படைக்கிறோம், அதனால் வரம்பு தெளிவாக இருக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பது எப்போதும் மற்றவர்கள் பார்க்கும் இடத்தில்தான் நடக்க வேண்டும்; மூடிய அறையில் இருவர் மட்டும் இருக்கக் கூடாது. முகாமில் இரவில் வயது வந்தவர்கள் குறைந்தது இருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், சாரணியர் என்றால் பெண்கள். கழிப்பறைக்குப் போவது மூன்று பேராக. அடிபட்டது, உடம்பு சரியில்லை, யாரோ தப்பாகத் தொட்டார்கள் என்று சின்னவர் தலைவரிடம் சொன்னால், அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் உடனே உங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்று புதன் கூட்டத்தில் அடிக்கடி நினைவூட்டுங்கள். அந்தச் சுமையைப் பதினான்கு வயதுப் பிள்ளை தனியாகத் தூக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

தலைவர் மாறும் காலம்

ஒன்பதாம் வகுப்புத் தலைவர் அடுத்த ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போவார். காலை வகுப்பு, மாலை வகுப்பு, பொங்கலுக்குப் பிறகு திருப்புதல் தேர்வு என்று படைக்கு வரவே முடியாது. இது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. ஆனாலும் பல படைகள் ஜூனில்தான் புதுத் தலைவரைத் தேடத் தொடங்குகின்றன. ஜனவரியிலிருந்தே எட்டாம் வகுப்பில் இருக்கும் துணைத் தலைவர் மாதத்தில் இரண்டு கூட்டங்களை நடத்தட்டும், பழைய தலைவர் அணியில் ஓர் ஆளாக உட்காரட்டும். பிப்ரவரியில் மூன்று கூட்டம். மார்ச்சில் முழுவதும்.

பட்டையோடு அணிக் குறிப்பேடும் கைமாற வேண்டும். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: எந்த முடிச்சு வரும், எது வராது, பிரவேஷ், அதற்கு அடுத்த நிலையான பிரதம் சோபான் தேர்வுகளில் எது பாக்கி, எதைக் கண்டு பயம், என்ன சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, எந்த நண்பன் பக்கத்தில் இருந்தால் கற்றுக்கொள்வான். பழைய தலைவரும் புதியவரும் வேப்பமரத்தடியில் ஒரு மாலை உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் பேசி முடித்த பிறகு நோட்டு மாறட்டும். நீங்கள் அப்போது மைதானத்தின் மறுபக்கம் இருங்கள்.